மறு: கம்பைலேஷன் ஆல்பம் – ‘திரட்டு’ என்பதற்கே என் வாக்கு

அன்புடையீர், வணக்கம். இசைத்தட்டுத் துறைச் சொற்களுக்கு நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், ஏற்கெனவே உள்ள பதிவுகளைத் திரட்டிப் போடும் ‘கம்பைலேஷன் ஆல்பம்’ பற்றிய என் பதில் இது. இதுவரை முன்மொழியப்பட்டவை:

> ஆல்பம் – இசைத்தொகுப்பு
> கம்பைலேஷன் ஆல்பம் – தொகுப்பு இசைத்தொகுப்பு

இரண்டாம் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆல்பத்துக்கே தொகுப்பை வாரிக் கொடுத்துவிட்டோம். உண்மையிலேயே தொகுக்கப்பட்ட ஒன்று வந்து நிற்கும்போது கொடுக்கச் சொல் இல்லை. முதல் வரி அச்சில் வேரூன்றிவிட்டது, அதை இனிப் பிடுங்க முடியாது. ஆகவே இரண்டாவதற்குத் தனிச்சொல் தேடியாக வேண்டும்.

அந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் தொடக்ககாலப் பதிவுகளை எடுத்துக்கொள்கிறேன். (கேஷை ‘நாட்டுப்புறப் பாடகர்’ என்று எழுத வேண்டாம். நாட்டுப்புறப் பாடல் என்றால் நமக்கு வேறு பொருள். அவர் பாடிய அமெரிக்க இசைவகையைக் ‘கன்ட்ரி’ என்றே விடலாம்.)

1955 முதல் 1958 வரை மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகக் கேஷ் பாடினார். அங்கே இருந்த காலத்தில் அவருக்கு வெளிவந்த எல்பி (பல பாடல்கள் கொண்ட நீள்தட்டு) ஒன்றே ஒன்று, 1957இல். மற்றவை பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சிங்கிள்கள். அவர் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குப் போன பிறகு, கைவசம் இருந்த பதிவுகளைக் கொண்டு 1964 வரை மேலும் ஆறு எல்பிகளைச் சன் வெளியிட்டது. அதோடு முடியவில்லை. 1969இல் இசைத் தயாரிப்பாளர் ஷெல்பி சிங்கிள்டன் சன் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். சிறைச்சாலைக் கச்சேரிப் பதிவுகளால் கேஷின் புகழ் உச்சியில் இருந்த நேரம் அது. வாங்கிய சூட்டோடு ‘ஒரிஜினல் கோல்டன் ஹிட்ஸ்’ என்று அந்த ஆண்டே இரண்டு பாகங்கள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்காகக் கேஷ் புதிதாக ஒரு வரிகூடப் பாடவில்லை. பாடியவர் ஓரிடத்தில், பதிவு நாடாவுக்கு உரிமையாளர் வேறிடத்தில், பொறுக்கி அடுக்கியவர் மூன்றாம் ஆள். இந்த விலகல் சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

‘தொகை’ என்று சொன்ன ஐயாவின் எட்டுத்தொகைப் பற்று புரிகிறது. ஆனால் ‘இசைத்தொகை’ என்றால் இன்றைய வாசகர் ஊக்கத்தொகை, உதவித்தொகை வரிசையில் வைத்து, எவ்வளவு ரூபாய் என்று கேட்பார். ‘கோவை’யும் ஒத்துவராது, இசைக்கோவை என்பதை மெட்டமைப்போடு தொடர்புபடுத்தியே பலர் புழங்குகிறார்கள். ‘கதம்பம்’ பல பாடகர்கள் சேர்ந்து வரும் தட்டுக்குப் பொருந்தும், ஒருவருடையதற்குப் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது திரட்டு. புறத்திரட்டை நினைத்துப் பாருங்கள்: ஏற்கெனவே இருந்த நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துத் திரட்டியது. முத்தொள்ளாயிரத்தில் இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அதன் புண்ணியத்தில்தான். சிங்கிள்களின் பின்பக்கத்தில் தேங்கிக் கிடந்த பாடல்களுக்கும் இத்தகைய தட்டுகள் அதே உதவியைச் செய்கின்றன. தனிப்பாடல் திரட்டும் நம் கண் முன்னே இருக்கிறது. ஆகவே ‘இசைத்திரட்டு’.

இன்னொரு வசதியும் உண்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று பழையவர்கள் பிரித்தே குறித்தார்கள். அந்த வழியில் ‘திரட்டியவர்’, ‘திரட்டுவித்தவர்’ என்று இரண்டு சொற்கள் செலவில்லாமல் கிடைக்கின்றன. சிங்கிள்டன் இரண்டாம் வகை.

> ஓவர்டப் – மேற்பதிவு

ஏற்கெனவே உள்ள பதிவோடு புதிய ஒலியைச் சேர்ப்பதற்கு இந்தச் சொல்லா? நான் உடன்படவில்லை. கேசட் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: நாடாவில் ஒன்றின் மேல் ஒன்றைப் பதிந்தால் பழையது அழிந்துபோகும். ஓவர்டப்பில் பழையது அழிவதில்லை, புதியதோடு கலந்து வருகிறது. ஒற்றைத் தட நாடாவில் இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. கலப்பதற்கு முந்தைய நாடா எங்காவது பத்திரமாக இருந்தால்தான் பழைய வடிவம் நமக்குக் கிடைக்கும்.

ஓவர்டப்புக்கு ‘இடைச்செருகல்’ என்று எழுதிய நண்பரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அதற்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. 1956இல் ‘ஐ வாக் தி லைன்’ சிங்கிளின் பின்பக்கமாக வந்த பாட்டு ‘கெட் ரிதம்’. 1969இல் அதைத் தனியாக மறுவெளியீடு செய்தபோது, கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்து மேடைக் கச்சேரிபோல ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்துச் சன் பதிவுகளின் அழகே அவற்றின் வெறுமைதான். கேஷோடு லூதர் பெர்கின்ஸின் மின்கிட்டார், மார்ஷல் கிராண்டின் பேஸ், அவ்வளவே. ‘ஐ வாக் தி லைன்’ பாட்டில் டிரம்ஸ் கிடையாது. கிட்டார் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகி மீட்டியதால் வரும் சரசரப்புத்தான் தாளம். அப்படிப்பட்ட கூட்டணியின் பாட்டுக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு கூட்டம் கைதட்டினால், அதை இடைச்செருகல் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் எல்லா ஓவர்டப்பையும் அப்படிச் சொல்ல முடியாது. அது பழி சுமந்த சொல். ‘பாலட் ஆஃப் எ டீனேஜ் குவீன்’ பாட்டுக்குச் சன் நிறுவனத் தயாரிப்பாளர் ஜாக் கிளெமென்ட் சேர்த்த கோரஸ் பிடிக்கிறதோ இல்லையோ (எனக்குப் பிடிக்காது), பாட்டு முதலில் வெளியானபோதே அது உடன் இருந்தது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பொதுச்சொல்லாகச் ‘சேர்ப்பொலி’ போதும். சேர்ப்பொலி நீங்கிய வடிவத்துக்குச் ‘சேர்ப்பிலி’.

பல தட்டுகளை ஒரே பெட்டியில் போட்டு விற்கும் ‘பாக்ஸ் செட்’டுக்குப் பேழை என்று முடிவானதில் மகிழ்ச்சி. அதில் மறுபேச்சு இல்லை.

சொற்பட்டியலில் ஏற்ற வேண்டியவை:

கம்பைலேஷன் ஆல்பம் – இசைத்திரட்டு
ஓவர்டப் – சேர்ப்பொலி
அன்டப்டு – சேர்ப்பிலி
ரீஇஷ்யூ – மறுவெளியீடு

ஞாயிறு வரை பார்த்துவிட்டு ஏற்றிவிடுகிறேன். ‘சேர்ப்பிலி’யைத் திட்டப்போகிறவர்கள் மாற்றுச்சொல்லையும் சேர்த்தே அனுப்புங்கள்.