மறு: ‘சமிக்ஞை கடத்தல்’ – வேறு சொல் உண்டா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கண்ணைப் பற்றிய கல்லூரிப் பாடநூலின் மொழிபெயர்ப்பு, வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். கருவிழியின் (கார்னியா) மேற்பரப்பில் கீறல் விழுந்தால், கண்ணீரில் இருக்கும் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் அங்குள்ள செல்லின் ஏற்பியில் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) போய் ஒட்டுகிறது. ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டைப் பொருத்திவிடுகின்றன. அந்த அடையாளத்தைப் பிடித்து ஒரு புரதம் வர, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் சேதி உட்கருவுக்கு எட்டுகிறது. செல்கள் நகர்ந்து புண்ணை மூடுகின்றன, பெருகுகின்றன. இதற்குத்தான் ‘சமிக்ஞை கடத்தல்’ என்று எழுதினேன். படித்த மாணவி, “யார் கடத்தினது?” என்று கேட்டுவிட்டாள்.

———

> யார் கடத்தினது?

நியாயமான கேள்வி. கம்பியின் இந்த முனையில் நுழைந்த மின்சாரம் அந்த முனையிலும் மின்சாரமாகவே வருகிறது, அது கடத்தல். இங்கே வெளியே ஒட்டலாக இருந்தது உள்ளே பாஸ்பேட்டாகிறது, உட்கருவில் மரபணு விழிப்பாகிறது. வடிவம் மாறினால் அது பெயர்ப்பு. மொழிபெயர்ப்பு போலக் ‘குறிபெயர்ப்பு’ என்று வைத்தால் வடசொல்லும் ஒழியும்.

அகப்பாட்டில் இரவுக்குறி, பகற்குறி என்றால் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம். காரணியும் ஏற்பியும் சந்திப்பதும் அப்படியோர் இடத்தில்தானே? இடையில் வரும் புரதங்கள் தோழி, பாணன், விறலி போலத் தூது போகும் வாயில்கள். ஏற்பியையே ‘வாயில்’ என்றால் என்ன?

———

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். மருத்துவ வகுப்பில் ‘குறி’ என்றதும் கடைசி வரிசை சிரிக்கும்; பாடம் அதோடு சரி. ‘வாயில்’ என்றால் மாணவர்கள் அயனி நுழையும் வழியை நினைப்பார்கள். காரணி கதவு திறந்து உள்ளே போய்ச் சேதி சொல்வதில்லை, வெளியிலேயே சொல்லிவிடுகிறது. அப்புறம் செல் அதை ஏற்பியோடு சேர்த்து உள்ளே இழுத்துச் செரித்தும் விடும். எந்தத் தலைவியும் அப்படிச் செய்ததாக நான் படித்ததில்லை.

என் வருத்தம் வேறு. ‘கருவிழி’ என்றால் பாதிப் பேருக்கு உள்ளே இருக்கும் நிறத்திரைதான் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சொல்லும் இன்னொரு பெயரான ‘விழிவெண்படலம்’ அதைவிட மோசம். கருவிழி அரை மில்லிமீட்டர் தடிமன், ரத்தக் குழாய் கிடையாது, கண்ணாடி போலத் தெளிவு. அது வெளுத்தால் நோய். வெளுக்க வைப்பவற்றில் ஒரு வளர்ச்சிக் காரணியும் உண்டு: டிஜிஎஃப் பீட்டா. நடு அடுக்குச் செல்களைத் தழும்பு போடும் செல்களாக்கிவிடும், மேலடுக்குச் செல்களின் பெருக்கத்தையோ அடக்கும். வளர்ச்சியை அடக்கும் வளர்ச்சிக் காரணி!

———

அப்படியானால் ‘வளர்ச்சிக் காரணி’ என்ற பெயரையே மாற்றலாமே. உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் எலிக்குட்டிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றியபோது, அவை நாள் வருமுன்பே கண் திறந்தன. அதைத் துரத்திப் போய்த்தான் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிடித்தார். 1986இல், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல் பரிசு. நான் ‘கண்திறப்பி’ என்பேன்.

———

அழகான சொல். ஆனால் கண் திறக்காத நரம்பு வளர்ச்சிக் காரணியை என்ன சொல்லி அழைப்பீர்கள்? அதையும் கருவிழிப் புண்ணுக்குச் சொட்டு மருந்தாக விடுகிறார்கள். என் வாக்கு ‘சமிக்ஞைப் பெயர்ப்பு’க்கு. சமிக்ஞை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

———

அனைவருக்கும் நன்றி. நால்வர் ‘சமிக்ஞைப் பெயர்ப்பு’க்குக் கை தூக்கியதால் அதையே போட்டு அனுப்பிவிட்டேன். கருவிழியில் கை வைக்கவில்லை, நேரமில்லை.

———

> சமிக்ஞைப் பெயர்ப்பு

நடுவில் ‘ப்’ எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பு போல இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. ‘காரணி’ பற்றி நாளை தனி இழையில் எழுதுகிறேன்.