'தி கிரேட் டிக்டேட்டர்' திரையிட்டவர்கள் சொல்லும் பக்குவம்

ஹிட்லரைக் கேலி செய்து சார்லி சாப்ளின் எடுத்த படம் இது. ஹிங்கல் என்ற சர்வாதிகாரியாகவும், அவனைப் போலவே இருக்கும் யூத முடிதிருத்துபவராகவும் அவரே நடித்திருக்கிறார். இதைத் திரையிடுவதானால், பிரதி கைக்கு வந்ததும் ஓட்டநேரத்தைப் பாருங்கள். முழுப்படம் சுமார் 125 நிமிடம். 120 என்று காட்டினால் வெட்டிவிட்டார்களோ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது ஐரோப்பிய டிவிடியாக இருக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓடவேண்டியதை 25 பிரேமாக ஓட்டியிருப்பார்கள். படம் நாலு சதவீதம் வேகமாகும், இசையின் சுருதியும் ஏறும். மற்ற படங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்துக்கு முடிதிருத்துபவர் சவரம் செய்கிற காட்சி இருக்கிறதே! வானொலியில் இசை ஓட, சோப்புத் தடவுவது, கத்தி தீட்டுவது, இழுப்பது எல்லாம் தாளத்தில் விழ, ஒரே ஷாட்டில் நடித்து முடித்திருக்கிறார் சாப்ளின். அந்த நிதானம் அப்படியே வேண்டுமென்றால் 24 பிரேம் ப்ளூ-ரேதான் சரி.

———

புரொஜக்டர் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தின் அகல-உயர விகிதம் 1.37:1, கிட்டத்தட்ட பழைய டிவி அளவு. 16:9 திரையை நிரப்ப 'ஜூம்' போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஹிங்கலும் இன்னொரு நாட்டுச் சர்வாதிகாரி நபலோனியும் சவர நாற்காலியில் உட்கார்ந்து, 'நீ உயரமா நான் உயரமா' என்று நெம்பி நெம்பி மேலே போகும் காட்சியில் மேல்பகுதி போனால் என்ன மிஞ்சும்? இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

———

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவது சப்டைட்டிலில். ஹிங்கலின் முதல் மேடைப் பேச்சு ஜெர்மன் போல ஒலிக்கும் பொய்மொழி. உணவுப் பெயர்களும் இருமலும் உறுமலும் கலந்தது. அந்தச் சீற்றத்தில் மைக்கே பின்னால் வளைகிறது. தானியங்கிச் சப்டைட்டில் இதற்கும் ஏதாவது அர்த்தம் கண்டுபிடித்து எழுதிவிடும், காட்சி போச்சு. பேச்சுக்கு ஒன்றும் வரக்கூடாது. ஆனால் இடையிடையே வரும் மொழிபெயர்ப்பாளரின் குரலுக்குக் கட்டாயம் வரவேண்டும். யூதர்களைப் பற்றி ஹிங்கல் வெறிபிடித்துக் கத்தி ஓய்ந்ததும், மாண்புமிகு தலைவர் யூத மக்களைக் குறிப்பிட்டார் என்கிற பொருளில் ஒற்றை வரி, சலனமே இல்லாத குரலில். வெறுப்பைச் செய்தியாக வெளுத்துக் கொடுக்கிற அந்த வேலையைத்தான் சாப்ளின் தோலுரிக்கிறார். அந்த வரி தவறினால் வெறும் கோமாளிக் கூத்தாகத் தெரியும்.

———

அறிமுக உரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். படத்தில் வரும் கார்பிட்ச், ஹெர்ரிங் இருவரும் ஹிட்லரின் அமைச்சர்களான கோயபல்ஸ், கோரிங்; நபலோனி இத்தாலியின் முசோலினி; ஆஸ்டர்லிச் நாடு ஆஸ்திரியா என்ற ஜோடிகளைச் சொல்லிவிட்டால் இளையவர்களுக்குப் பாதிக் கேலி பிடிபடும். படப்பிடிப்பு தொடங்கியது 1939 செப்டம்பர் 9, போலந்துக்குள் ஜெர்மானியப் படை புகுந்து எட்டே நாளில், இதையும் சொல்லுங்கள். வதைமுகாம்களைக் காட்டும் இடத்தில் கூட்டம் சிரிக்கத் தயங்கும். அதை விட்டுவிடுங்கள். முகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் இதை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளினே 1964-ல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

———

உலக உருண்டையைப் பந்தாடி ஹிங்கல் ஆடும் நடனத்துக்கு முன்பு ஒலியைச் சரிபாருங்கள். வாக்னரின் லோஹென்கிரின் முன்னிசை மிக மெல்லிய வயலினில் தொடங்கும். மின்விசிறி இரைச்சல் அதை விழுங்கிவிடும். ஒத்திகையில் இந்த இடத்தைப் போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒலித்தடம் மோனோ (ஒற்றைத் தடம்) என்பதால் 'சரவுண்ட்' விளைவுகளை அணைத்துவிடுவது நல்லது.

இதே இசை முடிவில் திரும்ப வருகிறது. உலகத்தைப் பந்தாட வாசித்த இசையை முடிதிருத்துபவரின் காதலி ஹன்னாவின் நம்பிக்கைக்குக் கொடுத்திருக்கிறார் சாப்ளின். படத்தில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அதுதான். கடைசியில் ஹிங்கலின் இடத்தில் நின்று முடிதிருத்துபவர் பேசும் பேச்சு முடிந்து கைதட்டல் எழுந்ததும் படம் முடிந்தது என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். ஹன்னா எழுந்து நின்று கேட்கும் காட்சி அதற்குப் பிறகுதான். விளக்குப் பொத்தான் பக்கம் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.