புதுப்பிப்பு: ஓ2-வில் பிழை காட்டாத ராம் சோதனை

பழுதான ராமைப் போட்டாலும், ஓ2-வில் (கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், வேகத்துக்காக நிரலைச் சுருக்கும் நிலை) கம்பைல் செய்த என் சோதனை நிரல் பிழையே காட்டவில்லை, அப்படிச் சுருக்காத ஓ0-வில் மட்டும் காட்டுகிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

வெள்ளவத்தையில் நண்பரின் கடையில் இருந்து அசெம்பிளியை, அதாவது கம்பைலர் ஆக்கித் தந்த இயந்திரக் கட்டளைகளை, பார்த்தோம். ஹெக்ஸில் (பதினாறடி எண்முறை) 55555555 என்ற சோதனைப் பெறுமதியை ராமில் எழுதும் வரி இருக்கிறது. திரும்ப வாசித்து ஒப்பிடும் வரியே இல்லை! இப்போதுதான் எழுதிய பெறுமதி மாறியிருக்காது என்று ஜிசிசி கம்பைலர் தானே முடிவுகட்டிவிடுகிறது. சி மொழியின் விதிப்படி அது சரிதான்.

பொயின்டரை (ராம் முகவரியை வைத்திருக்கும் மாறி) வோலடைல் (எந்த வாசிப்பையும் தவிர்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிச்சொல்) ஆக்கியதும் ஒவ்வொரு வாசிப்பும் உண்மையாகவே நடக்கிறது. ஆனால் வோலடைல் கம்பைலரைத்தான் கட்டிப்போடும், ப்ரொசசருக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷை அல்ல; வாசிப்பு ராமுக்குப் போகாமல் கேஷிலேயே முடிந்துவிடலாம். அதனால் கேஷைவிடப் பல மடங்கு பெரிய பகுதியை முழுதாக எழுதி முடித்த பிறகே வாசிக்கிறேன். அதே ராம் இப்போது ஓ2-விலும் அகப்படுகிறது.