ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம், பத்திரிகையில் நேரத்தோடு செய்தி வர என்ன செய்யலாம்?

பெர்ஜுந்தை ஆற்றோரம்:

வணக்கம். எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா, நம்மவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சிலாங்கூர் ஆறு ஊரை ஒட்டிப் போகிறது. போன வருடம் தோட்டத்துக் கோயில் இளைஞர்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சிலருமாகச் சேர்ந்து கரையோரக் குப்பையை அள்ளினோம். வந்தது 14 பேர். ஒரு பத்திரிகைக்கு நானே எழுதி அனுப்பியிருந்தேன். செய்தி வந்தது, ஆனால் எல்லாம் முடிந்து 5 நாள் கழித்து, "வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும்" என்று. அதை நம்பிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பூட்ஸ் போட்டு, ஆளில்லாத ஆற்றங்கரையில் வந்து நின்றிருக்கிறார்கள். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

இந்த முறை செப்டம்பர் நான்காவது ஞாயிறு, உலக ஆறுகள் தினத்தன்று வைத்திருக்கிறோம். 60 பேராவது வேண்டும். பாலத்துக்குக் கீழே மூங்கில் புதரில் தண்ணீர் ஊறிப்போன மெத்தை ஒன்று சிக்கியிருக்கிறது, அதை இழுக்கவே 6 பேர் வேண்டும். பத்திரிகை, ரேடியோ, இவர்களை எப்படி அணுகுவது?

அப்புறம் ஒரு சங்கடம். குப்பையில் ஒரு பங்கு கரும காரியத்துக்கு வருகிறவர்கள் விட்டுப்போவது: சட்டி, வேட்டி, மாலை, எல்லாம் கட்டி வந்த பிளாஸ்டிக் பை. இதைச் செய்தியில் சொன்னால் நம் இனத்துக்குத்தான் கெட்ட பேர் என்கிறார்கள் கோயில் கமிட்டியில். சொல்லலாமா, விட்டுவிடலாமா?

பழைய நிருபர்:

தம்பி, நான் 11 வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டார நிருபராக இருந்தவன். உங்கள் செய்தி ஏன் தாமதமாக வந்தது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. வட்டாரப் பக்கத்துக்குத் திருமணம், கோயில் திருவிழா, பள்ளி நிகழ்ச்சி, இரங்கல் என்று குவிந்துகொண்டே இருக்கும். இடம் கிடைக்கிற அன்றுதான் போடுவார்கள், "வரும் ஞாயிறு" என்று எழுதியிருந்தால் அப்படியே ஏறிவிடும். அதனால் "வரும்" என்ற சொல்லே வேண்டாம். தேதி, மாதம், கிழமை, காலை எத்தனை மணி, கரையில் எந்த இடம், இவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். 3 வாரம் முன்பே அனுப்புங்கள். 5 நாள் இருக்கும்போது செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் மூன்றுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரை விட்டால் மனத்தாங்கல் வரும்.

உங்கள் ஊரிடம் ஒரு பெரிய செய்தி இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவே இல்லை. கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர், அதில் நிறைய உங்கள் ஊரிலேயே எடுக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ரவாங்கில் சுங்கை கோங் என்ற ஆறு கெட்டு, சிலாங்கூர் ஆற்றின் 4 சுத்திகரிப்பு நிலையங்களை மூடியபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அன்று வாளி தூக்கியவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். "அந்த ஆற்றின் கரையை எங்கள் தோட்டத்து மக்கள் சுத்தம் செய்கிறார்கள்" என்று ஆரம்பித்துப் பாருங்கள், ஆசிரியர் ஒதுக்கிவைக்க யோசிப்பார்.

படம் முக்கியம். பேனர் பிடித்து வரிசையாக நிற்கும் படம் தினமும் 20 வரும். 4 பேர் முழங்கால் சேற்றில் நின்று எதையாவது இழுக்கிற படம் போன வருடம் எடுத்திருந்தால் அதைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒய்பி (தொகுதி மக்கள் பிரதிநிதி) வருகிறார் என்றால் நிருபர் கட்டாயம் வருவார், அழைப்பதில் தப்பில்லை, ஆனால் அவர் வரும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பெரியவரும் பேரனும் ஆற்றங்கரையில் நின்றார்களே, அதுதான் தம்பி செய்தி. அவர் சம்மதித்தால் எழுதுங்கள். பத்திரிகைமேல் குறை சொல்லாமல், போன வருடம் தேதி மாறிப்போய் வந்தவர் இந்த வருடம் முதல் ஆளாக வருகிறார் என்று.

கிள்ளான் அக்கா:

ரேடியோவுக்கு நீளமாக எழுதாதீங்க தம்பி. மின்னல், ராகா எதுவானாலும் வாய்விட்டுப் படித்தால் அரை நிமிடத்தில் முடியணும். நானே அடுப்படியில் கைப்பேசியில் நேரம் பார்த்துப் படித்து, இரண்டு வரி வெட்டித்தான் அனுப்புவேன். சினார் ஹரியானுக்கும் மலாயில் ஒரு குறிப்பு கொடுங்க, கரையில் மலாய்க் கம்போங் (கிராம) வீடுகளும் இருக்குமே, அவங்களுக்கும் அது ஆறுதான். கீழே கம்போங் குவாந்தானில் மின்மினி காட்டப் படகு ஓட்டுகிறவங்க பிழைப்பும் இதே தண்ணீரில்தான், அவங்களையும் கூப்பிடுங்க.

கரும காரிய விஷயத்தை மறைக்காதீங்க. அப்பா சாம்பலைக் கரைக்கப் போனபோது என் காலில் யாரோ விட்ட பழைய வேட்டி சுற்றிக்கொண்டது, அந்த நேரத்தில் அது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். நம் பத்திரிகையில், நம் மொழியில், நம்ம ஐயரே "சாம்பலும் பூவும் போதும், பையையும் துணியையும் திரும்ப எடுத்துப் போங்க" என்று சொல்லட்டும். அது பழி இல்லை, வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. கரையில் ஒரு தொட்டியும் வையுங்க, போட இடமில்லாமல் யாரிடம் என்ன சொல்வது? சாப்பாடு சைவமாக இருக்கட்டும், புரட்டாசி பிறந்திருக்கும்.

தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்):

அறிவிப்பிலேயே பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம் என்று போடுங்கள். எலி மூத்திரம் கலந்த சேறு சின்னக் கீறலில் பட்டால் போதும். காய்ச்சல் 2 நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் "ஆற்றில் இறங்கினேன்" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கரைமேல் மட்டும். டிரம் கிடந்தாலோ மருந்து நெடி வந்தாலோ யாரும் தொடக்கூடாது, ஜேஏஎஸ்ஸை (சுற்றுச்சூழல் இலாகா) கூப்பிடுங்கள். 2019-இல் பாசீர் கூடாங் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவால் 111 பள்ளிகளை மூடினார்கள்.

நகராண்மைக் கழகத்திடம் ரோரோ தொட்டிக்கு (லாரியில் ஏற்றி இறக்கும் பெரிய குப்பைத் தொட்டி) இப்போதே கடிதம் கொடுங்கள், ஜேபிஎஸ்ஸுக்கும் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) ஒரு நகல். அள்ளிய மூட்டை கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் திரும்ப ஆற்றுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பெர்ஜுந்தை ஆற்றோரம்:

எல்லாருக்கும் நன்றி. ரோரோவுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. ஐயரிடம் பேசினேன், அவரே இரண்டு வரி எழுதித் தருகிறேன் என்றார், கமிட்டியும் சரி என்றுவிட்டது. நேற்று சாயங்காலம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கும் முன்பே டீ வந்துவிட்டது. பேர் போடலாம், படமும் எடுக்கலாம் என்றார். பேரனுக்குப் போன வருடத்து பூட்ஸ் பத்தவில்லையாம். என்ன சைஸ் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.