இன்டெல் 8700கே பிராசஸரின் உலோக மூடியைக் கழற்றலாமா? சேலம் வெயிலில் 95 டிகிரி

கேள்வி: பிராசஸர் ஓடுறது 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட்டில். அஸ்தம்பட்டியில் மாடி அறை, ஏசி இல்லை. கூலரில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் மாத்தியும் 95க்குக் கீழ இறங்கல. டீலிட் பண்ணலாமா, அதாவது மூடியைக் கழற்றலாமாண்ணே?

பதில் 1: பண்ணலாம் தம்பி. 8700கே மூடிக்கு அடியில் இருப்பது சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) இல்லை, வெறும் பேஸ்ட். மூடியை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையின் தடிமனும் அதைச் சிப்பிலிருந்து தூக்கி நிறுத்துது. 15, 20 டிகிரி குறையும். பிளேடு மட்டும் வேண்டாம். சிப்புக்கு அடியில் இருக்கும் பலகை மெல்லிசு, உள்தடம் அறுந்தா சிப் போச்சு. மூடியைப் பக்கவாட்டில் தள்ளும் டீலிட் டூல் வாங்குங்க. பழைய பசையை பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. சிப் பக்கத்து மின்தொடர்புப் புள்ளிகளுக்கு நகப்பூச்சு தடவி நல்லா காயவிடுங்க. பழைய பேஸ்டுக்குப் பதிலா சிப் மேல லிக்விட் மெட்டல் (காலியம் கலந்த திரவ உலோகம்) கடுகளவு போதும். பஞ்சுக்குச்சியால் தேய்க்கத் தேய்க்க முதலில் உருண்டு ஓடும், பிறகு கண்ணாடி மாதிரி ஒட்டும். மூடியின் உட்புறத்திலும் அதே அளவுக்குத் தேயுங்க.

பதில் 2: கூலர் அடிப்பக்கம் அலுமினியமா பாருங்க. காலியம் அதை அரிச்சிடும். அங்கே சாதா பேஸ்ட்தான். திரும்ப ஒட்டும்போது நான்கு மூலையில் சிலிகான் பொட்டு போதும், சுத்தி அடைக்காதீங்க.

பதில் 3: இன்டெல் 9900கே பிராசஸர் வச்சிருக்கவங்க இதைப் பார்த்து மூடியைத் தள்ளிடாதீங்க, அதில் மூடிக்கு அடியில் சால்டர்.