4 மணிக்கு எழும்பாதவருக்கு எம்டி கிடைக்காதாம். திருக்கோணமலை டொக்டர்மாரே, இது சரியா?

நைட்_எம்ஓ | பி.ப. 2.05
எங்கட வட்ஸ்அப் குரூப் ஒண்டில நேற்று ஒரு ரெஜிஸ்ட்ரார் (எம்டி சோதினை பாஸ் பண்ணி ஸ்பெஷலிஸ்ட் ஆகப் பயிற்சி எடுக்கிற டொக்டர்) போட்டது: "விடிய 4 மணிக்கு எழும்பாதவர்கள் நேரம் இல்லை எண்டு அழக்கூடாது. நான் எழும்பினேன், முதல் தடவையே பாஸ். மற்றதெல்லாம் சாட்டு." கீழ வரிசையா எல்லாரும் கும்பிடு போட்டிருக்கினம்.

நான் டவுனில ஒரு மெடிக்கல் வார்டில வேலை. கிழமைக்கு 2 நைட் டியூட்டி, ஆள் குறைஞ்சா 3. வீட்டில 3 வயசுப் பிள்ளை. எம்டி செலக்‌ஷன் எக்ஸாமுக்கு இது இரண்டாம் முறை. நான் 4 மணிக்கு எழும்புறேல்ல. நைட் அண்டைக்கு 4 மணிக்கு நான் படுக்கவே இல்ல, நைட் முடிஞ்ச அடுத்த நாள் 4 மணிக்கு எழும்பினா வார்டில மருந்தின்ர அளவைப் பிழையா எழுதிப்போடுவன். இதுவும் சாட்டா? 4 மணியில அப்பிடி என்ன இருக்கு எண்டு ஆராவது சொல்லுங்கோ.

தம்பலகாமத்து_மாஸ்டர் | பி.ப. 2.31
பிள்ளை, நான் டொக்டர் இல்ல, ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். என்ர மகள் இந்தச் சோதினைக்குத்தான் படிக்கிறா. 4 மணியில என்ன இருக்கு எண்டு கேட்டீங்கள், பிரம்ம முகூர்த்தம் இருக்கு. சத்தம் இல்ல, ஃபோன் இல்ல, மூளை குளிர்ந்து கிடக்கும். எங்கட பக்கத்தில வயலுக்குப் போறவையே அந்த நேரம் எழும்பிடுவினம். 36 வருசம் படிப்பிச்சனான், விடியப் படிச்ச பிள்ளை கெட்டுப்போனதை நான் காணேல்ல.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | பி.ப. 2.50
அந்த மெசேஜ் போட்டது நான்தான். பேர் சொல்லாமக் கதைக்கத் தேவையில்ல. மாஸ்டர் ஐயா சொன்னது முழுக்கச் சரி. 11 மாதம் 4 மணிக்கு எழும்பினேன், ஒரு நாள் தவறேல்ல. 4இல இருந்து 6.30 மட்டும், ரெண்டரை மணித்தியாலம். கூட்டிப் பாருங்கோ, 800 மணித்தியாலத்தைத் தாண்டும். பீஜீஐஎம் (டொக்டர்மாரின்ர பட்டமேற்படிப்பு நிறுவனம்) 1980இல தொடங்கினதில இருந்து இந்த நாட்டில ஸ்பெஷலிஸ்ட் ஆக அந்த ஒரு வாசல்தான். அந்த வாசலுக்கு வாற எல்லாருக்கும் நைட் இருக்கு, பிள்ளையும் இருக்கு. தங்கச்சிக்கு மட்டும் இல்ல.

நைட்_எம்ஓ | பி.ப. 2.58
முதல்ல என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட வேண்டாம். ஒரே பட்ச், ஒரே வருசம் இன்டேர்ன்ஷிப்.
இரண்டாவது, "ஒரு நாள் தவறேல்ல" எண்டா 11 மாதமும் உங்களுக்கு நைட்டே வரேல்லையோ? நைட் செய்த அண்டைக்கு விடிய 4 மணிக்கு எங்க எழும்பினீங்கள்? வார்ட் கதிரையிலயோ?

கிண்ணியா_நானா | பி.ப. 3.20
நான் எழும்புற 4.40க்கு, சுபஹுக்கு. தொழுதுட்டு ரெண்டு மணித்தியாலம் புத்தகம். எனக்கு அது சரிவருது. அதுக்காக மத்தவனைப் பார்த்து "நீ எழும்பல்ல, அழாத" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் நாங்க பாதையில, தண்ணி கடக்கிற அந்த மிதவைப் படகுல, ஏறித்தான் டவுனுக்கு டியூஷன் வந்த. பாதைக்குக் காத்து நிண்ட நேரத்துல சட்டைப் பையில இருந்த துண்டுக் கடதாசியப் பார்த்துத்தான் பயோலொஜி பாடமாக்கின. அது 4 மணியும் இல்ல, மேசையும் இல்ல. 2017ல டெங்கு வந்த நேரம் வார்டுல கால் வைக்க இடமில்ல. அந்த மாசங்கள்ல புத்தகம் திறந்தவன் யாரு? ஆளுக்கு ஆள் நிலைமை வேற, ரெஜிஸ்ட்ரார்.

அட்டைக்காரன் | பி.ப. 3.41
ஒரு திருத்தம். பிரம்ம முகூர்த்தம் 4 மணிக்கு இல்ல. ஒரு முகூர்த்தம் 48 நிமிசம். சூரியன் உதிக்க ரெண்டு முகூர்த்தத்துக்கு முன்னம், அதாவது 96 நிமிசத்துக்கு முன்னம் தொடங்குது, 48 நிமிசத்தில முடியுது. 6 மணிக்கு உதயம் எண்டா 4.24இல இருந்து 5.12 மட்டும். 4 மணிக்கு எழும்பினவர் 24 நிமிசம் வீணா முழிச்சிருந்திருக்கிறார்.

தம்பலகாமத்து_மாஸ்டர் | பி.ப. 3.55
தம்பி, கணக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். எழும்பி, முகம் கழுவி, பிளேன் டீ குடிச்சு மேசையில இருக்க 24 நிமிசம் வேணும். 4 மணி எண்டது எழும்புற நேரம், இருக்கிற நேரம் 4.24. நான் சொன்னதில பிழை இல்ல.

அட்டைக்காரன் | பி.ப. 4.02
அப்ப 1996 தொடக்கம் 2006 மட்டும் என்ன செய்தீங்கள் ஐயா? அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது. முதல்ல ஒரு மணித்தியாலம், அதே வருசம் பிறகு அரை மணித்தியாலமாக் குறைச்சது. அந்தப் பத்து வருசமும் புது நேரம் 4 மணி எண்டா பழைய நேரம் மூண்டரை. முகூர்த்தம் புது நேரத்தில 4.54க்குத்தான். உங்கட பிள்ளையள் அப்ப முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல முந்தி எழும்பிச்சினம்.

தம்பலகாமத்து_மாஸ்டர் | பி.ப. 4.09
எங்கட வீட்டில சுவர் மணிக்கூடு பழைய நேரத்திலதான் ஓடினது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் புது நேரம். அந்தக் காலத்தில இந்தப் பக்கத்து ஆக்கள் கலியாண வீட்டுக்குக் கூட "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டுத்தான் போனவை. உமக்கு அப்ப எத்தனை வயசு?

அட்டைக்காரன் | பி.ப. 4.11
வயசை ஏன் கேக்கிறியள்? கணக்குக்குப் பதில் சொல்லுங்கோ.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | பி.ப. 4.30
முகூர்த்தத்தை விடுங்கோ. நான் சொன்னது 4 மணி, 4 மணிதான். இந்தியாவில நீட் பீஜிக்கு, அங்கத்த மேற்படிப்பு நுழைவுச் சோதினைக்கு, 14 மணித்தியாலம் படிக்கிற பொடியள் இருக்கினம். யூடியூபில போய்ப் பாருங்கோ. இங்க ரெண்டரை மணித்தியாலத்துக்கே இவ்வளவு ஒப்பாரி.

நைட்_எம்ஓ | பி.ப. 4.48
அந்த வீடியோ நானும் பார்த்தனான். நீட் பீஜி எண்டது 200 கேள்வி, மூண்டரை மணித்தியாலம், சரிக்கு 4, பிழைக்கு 1 கழிவு. அந்த வீடியோவில வந்த பொடியன் வேலைக்கே போகேல்ல, ஒரு வருசம் வீட்டில இருந்து படிச்சவன். அம்மா சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து குடுக்கிறா. என்னால நாளைக்குப் போஸ்டை விட்டிட்டு வீட்டில இருக்க ஏலுமே? என்ர சம்பளத்திலதான் வீட்டு லோன் போகுது.

இன்னொண்டு. நீங்கள் எல்லாரும் எத்தினை மணிக்கு எழும்பினது எண்டுதான் கதைக்கிறியள். எழும்பி என்ன செய்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. 2006இல ரோடிகரும் கார்பிக்கேயும் எண்ட உளவியல் ஆராய்ச்சிக்காரர் செய்த பரிசோதனை எனக்கு மனப்பாடம். ஒரு பகுதி மாணவர் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிச்சவை. மற்றப் பகுதி ஒருக்கா வாசிச்சிட்டு மூண்டு தரம் பாராமல் எழுதிப் பார்த்தவை. 5 நிமிசத்தில வாசிச்சவைக்குத்தான் கூட ஞாபகம். ஒரு கிழமைக்குப் பிறகு எழுதிப் பார்த்தவைக்கு 61 வீதம், வாசிச்சவைக்கு 40 வீதம். 4 மணிக்கு எழும்பி மஞ்சள் ஹைலைட்டர் பூசினா அது அந்த 40 வீதம்தான்.

அட்டைக்காரன் | பி.ப. 4.55
இதைத்தான் நான் எத்தினை நாளாக் கத்துறன். ஆன்கி அட்டை போடுங்கோ, அது ஃபோனில இடைவெளி விட்டு விட்டுக் கேள்வியைத் திருப்பிக் கேக்கிற ஆப். மறதியை ஆராய்ஞ்ச எபிங்ஹாஸ் 1885இலயே சொல்லிப்போட்டார், திரும்பிப் பார்க்காட்டி மறதி முதல் நாளே கொட்டும் எண்டு. நான் நாளுக்கு 120 அட்டை, பஸ்ஸில, கென்டீனில, கொழும்பு நைட் மெயிலில. மேசையே தேவையில்ல.

நைட்_எம்ஓ | பி.ப. 5.03
தம்பி, உங்கட அட்டை எல்லாம் வேற ஆரோ வெளிநாட்டில செய்ததை டவுன்லோட் பண்ணினது. இங்க பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் டெங்குவும் கேப்பினம், உங்கட அட்டையில லைம் நோய்தான் கிடக்கு. சொந்தக் கையால எழுதினாத்தான் அது அட்டை.

அட்டைக்காரன் | பி.ப. 5.06
உங்கட பக்கம் கதைக்க வந்தவனையே கடிக்கிறியள். நல்லா இருங்கோ.

லெஸ்டர்_மழை | பி.ப. 5.40
2022இல திருக்கோணமலையில இருந்து வெளிக்கிட்டவன். பிளாப் (இங்கிலாந்தில டொக்டரா வேலை செய்ய எழுதுற சோதினை) எழுதி வந்தனான், இப்ப எம்ஆர்சிபி (இங்கத்த மேற்படிப்புச் சோதினை) முதல் பார்ட் முடிச்சிட்டன். 200 கேள்வி, கழிவு இல்ல. இங்க நைட் முடிஞ்சா வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், ஸ்டடி லீவும் தருவினம். 4 மணி 5 மணி எண்டு சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு வெளிக்கிடுங்கோ. அங்க இருந்து என்ன கண்டியள்?

நைட்_எம்ஓ | பி.ப. 5.47
நீங்கள் வெளிக்கிட்டதாலதான் எனக்குக் கிழமைக்கு மூண்டாவது நைட் வந்தது. போனதைக் குறை சொல்லேல்ல, அந்த வருசம் பெற்றோலும் இல்ல, பால்மாவும் இல்ல, எனக்கும் தெரியும். ஆனா அங்க இருந்துகொண்டு "என்ன கண்டியள்" எண்டு கேக்காதீங்கோ. மூதூரில இருந்தும் வெருகலில இருந்தும் வாற சனத்தைக் கண்டன்.

லெஸ்டர்_மழை | பி.ப. 5.52
தியாகிப் பட்டம் வேணுமெண்டா எடுங்கோ. நான் எக்ஸாமைப் பற்றித்தான் சொன்னனான்.

கிண்ணியா_நானா | பி.ப. 6.10
லெஸ்டர் தம்பி, உங்கட வாப்பாவுக்குப் போன மாசம் நெஞ்சு நோவு வந்து வார்டுக்கு வந்த நேரம் பார்த்தது இங்க நிண்ட ஒரு டொக்டர்தான். அதோட நிப்பாட்டுங்க.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | பி.ப. 6.25
எல்லாத்தையும் கதைக்கிறியள், 4 மணிக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. ரோடிகரும் எபிங்ஹாஸும் எனக்கும் தெரியும். பாராமல் எழுதிப் பார்க்கவும் நேரம் வேணும். அந்த நேரம் எங்க கிடக்கு? 4 மணியில கிடக்கு.

நைட்_எம்ஓ | பி.ப. 6.44
நித்திரையில வெட்டி எடுத்த நேரம் நேரமில்ல. 1997இல டோசனும் ரீடும் நேச்சர் எண்ட அறிவியல் சஞ்சிகையில எழுதினது இது: 17 மணித்தியாலம் முழிச்சிருந்தவரின்ர கண்-கை ஒத்திசைவு இரத்தத்தில 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின்ரயைப் போல. 24 மணித்தியாலம் எண்டா கிட்டத்தட்ட 0.10. இந்த நாட்டில 0.08க்கு மேல எண்டா வாகனம் ஓட்ட ஏலாது, பொலிஸ் பிடிக்கும். அந்த நிலையில நான் பேஷன்டுக்கு இன்சுலின் எழுதோணும், பிறகு வீட்டை வந்து 4 மணிக்கு எலார்மும் வைக்கோணும். நித்திரையிலதான் படிச்சது பதியுது எண்டு எல்லாரும் இரண்டாம் வருசத்தில படிச்சனாங்கள். சோதினையில மட்டும் எழுதிட்டு மறந்திட்டமோ?

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | பி.ப. 6.51
நானும் அதே வார்டில நைட் செய்துதான் பாஸ் பண்ணினேன். மயங்கி விழேல்ல.

நைட்_எம்ஓ | பி.ப. 6.59
சரி. பொதுவில சொல்லக்கூடாது எண்டு இருந்தனான். சோதினைக்கு முந்தின மாதம் உங்கட நைட் எல்லாம் ஆர் செய்தது? நான். எனக்கு அப்ப பிள்ளைக்கு ஒரு வயசு. "மச்சாள், இந்த மாதம் மட்டும்" எண்டு கேட்டீர். ஆறு நைட். அந்த ஆறு நைட்டும் நீர் 10 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும்பினீர். நான் எழும்பேல்ல, ஏனெண்டா உம்மட பேஷன்டைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். உம்மட 800 மணித்தியாலத்தில என்ர நித்திரையும் கிடக்கு. அதை "சாட்டு" எண்டு எழுத உமக்குக் கை எப்பிடி வந்தது?

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | பி.ப. 7.08
நாலு நைட். ஆறு இல்ல. அதில ஒண்டுக்கு நான் திருப்பி டே செய்து தந்தனான்.

நைட்_எம்ஓ | பி.ப. 7.10
ஆறு. டேயும் நைட்டும் ஒண்டோ?

தம்பலகாமத்து_மாஸ்டர் | பி.ப. 7.22
பிள்ளையள், ஒரு பட்ச் ஆக்கள் இப்பிடிச் சண்டை பிடிக்காதேங்கோ. ஆனாலும் 4 மணியைக் குறை சொல்ல ஏலாது. பிழை மனுசரில, நேரத்தில இல்ல.

கிண்ணியா_நானா | பி.ப. 7.30
மாஸ்டர், அந்த 4 மணியத் தந்தது யாரு எண்டுதான் இப்பக் கதை.

நைட்_எம்ஓ | மு.ப. 4.07
வார்டில இருந்து எழுதுறன். 8 மணியில இருந்து 7 அட்மிஷன். ஒரு அம்மாவுக்கு இரத்தத்தில சோடியம் 118, நல்லாக் குறைவு. மருந்து எழுதிப்போட்டு, புத்தகம் பாராமல் சோடியம் குறையுறதுக்கான காரணம் எல்லாத்தையும் பழைய ஈசிஜி தாளின்ர பின்பக்கத்தில எழுதிப் பார்த்தன். மூண்டை மறந்துபோனன். பிறகுதான் புத்தகத்தில பார்த்தன். அந்த மூண்டும் இனி மறக்காது, அந்த அம்மாவின்ர முகத்தோட நிக்கும். ஒவ்வொரு அட்மிஷனுக்கும் ஒரு தலைப்பு, பத்து நிமிசம். காலமை வீட்டை போய் 12 மணி மட்டும் படுப்பன். பிள்ளை பின்னேரம் நித்திரை கொள்ளேக்க ஒரு மணித்தியாலம் பாஸ்ட் பேப்பர். இதுதான் என்ர டைம்டேபிள். இதில எலார்ம் இல்ல.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | மு.ப. 4.15
எழும்பியாச்சு. பாருங்கோ, நீங்களும் 4 மணிக்குத்தான் படிக்கிறியள்.

நைட்_எம்ஓ | மு.ப. 4.16
எழும்பினதும் படுக்காததும் உமக்கு ஒண்டோ? ஆறு நைட்.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | மு.ப. 4.18
நாலு. ரோஸ்டரை எடுத்துப் பார்ப்பம்.

நைட்_எம்ஓ | மு.ப. 4.21
ரோஸ்டரில உம்மட பேர்தான் இருக்கும். செய்தது நான். பெட் 11 கூப்பிடுது, போறன்.

அட்டைக்காரன் | மு.ப. 4.25
இப்பத்தான் முகூர்த்தம் தொடங்குது, மாஸ்டர் ஐயா.

ஓர்ஸ்ஹில்_ரெஜிஸ்ட்ரார் | மு.ப. 4.26
நாலு நைட். எனக்கு நல்லா ஞாபகம்.