இனப்படுகொலையைச் சித்திரப் பட்டறையில் கற்பிப்பது எப்படி?

வெள்ளவத்தை ஆசிரியை:
வணக்கம். தரம் 11 மாணவர் முப்பது பேருக்கு மூன்று மணிநேரப் பட்டறையொன்றை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ருவாண்டாவில் 1994 இல் ஏறத்தாழ 100 நாள்களுக்குள் பல இலட்சம் பேர், பெரும்பாலும் துட்சி மக்கள், கொல்லப்பட்டதைச் சென்ற ஆண்டு கரும்பலகையில் எழுதிக் கற்பித்தேன்; பிள்ளைகள் அதையும் அரசர்களின் ஆட்சியாண்டுகளைப் போல மனனம் செய்துகொண்டு போய்விட்டார்கள். ஆகவே இம்முறை பாதிப் பேரை அடையாள அட்டை காட்டுவோராகவும் மீதிப் பேரைச் சாவடியில் சோதிப்போராகவும் நடிக்கவைத்து, பின்னர் அவர்கள் உணர்ந்ததை வரையச் செய்யலாம் என்று எண்ணுகிறேன். இது சரியாக வருமா?

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்:
தயவுசெய்து நடிக்க வைக்காதீர்கள். வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகமும் இத்தகைய பாவனைகளைத் தவிர்க்கும்படியே ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துகிறது. பத்து நிமிடம் வரிசையில் நின்ற பிள்ளை அந்த அனுபவம் தனக்கு விளங்கிவிட்டதாக நம்பிவிடும். அதைவிட, கொழும்பில் உண்மையான சாவடிகளில் நின்ற தந்தையரின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும்.

நான் தெரேசின் என்ற முகாமில் சிறுவர்கள் வரைந்த ஓவியங்களிலிருந்து தொடங்குவேன். பிராக் நகருக்கு வடக்கே நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த அந்த முகாமில், ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் சிறுவர்களுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்து, ஒவ்வொரு தாளிலும் அவரவர் பெயரை எழுதச் செய்தார். 1944 இல் அவர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். சிறுவர்களில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் மட்டும் பிழைத்தன. அவற்றில் பூச்சாடியும் வண்ணத்துப்பூச்சியும் வீட்டு யன்னலும் இருக்கின்றன. இருவருக்கு ஒரு பிரதி கொடுத்து, பத்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெயருக்குரிய பிள்ளைக்கு ஒரு மறுமொழி வரையட்டும். பிணங்களை வரையச் சொல்ல வேண்டாம். சிவப்பு வர்ணம்தான் தீர்ந்துபோகும்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அடையாள அட்டையை முற்றாகக் கைவிடத் தேவையில்லை. ருவாண்டாவில் இனத்தைக் குறிக்கும் அட்டையை 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர்கள் கொண்டுவந்தார்கள். அறுபது ஆண்டுகளின் பின் வீதித்தடைகளில் அந்த ஒரு வரியே உயிரைத் தீர்மானித்தது. 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்புடன் வீடு தேடி வந்ததை எங்கள் அப்பம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே பிள்ளைகளே ஒரு படிவத்தை வடிவமைக்கட்டும். எந்தக் கட்டம் எதற்குத் தேவை, அது பிழையான கைக்குப் போனால் என்னவாகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளையைக் காரணம் கேட்காமல் விடுங்கள்.

தெஹிவளை பெற்றோர்:
ஒன்றே ஒன்று: படைப்புகளுக்குப் புள்ளி போடாதீர்கள். பரிசளிப்பு விழாவில் காட்சிக்கு வைக்க யாராவது நிச்சயம் கேட்பார்கள். பிள்ளைகளின் சம்மதமின்றிக் கொடுத்துவிட வேண்டாம்.

வெள்ளவத்தை ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. நடிப்பைக் கைவிட்டேன், முதலில் ஓவியப் பிரதிகள், பின்னர் படிவம். சிங்கள மொழிமூல வகுப்பும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தை எந்த மொழியில் அச்சிடுவது?

கொட்டாஞ்சேனை வாசகர்:
அச்சிட வேண்டாம். வெறுந்தாளைக் கொடுங்கள், கட்டங்களை அவர்களே சேர்ந்து கீறட்டும்.